நாலு வீட்டுச் சோறு, ஒரு வீட்டுக்குப் பழி

சுங்கை சிப்புட், பீடோங், தெலுக் இந்தான் என்று மலேசியாவில் எந்தத் தோட்டப்புறச் சிறுநகரமானாலும் சரி, வாசலில் ஒரு குண்டுப் பூனை படுத்திருந்தால் அந்த வீட்டுக்காரருக்குப் பேச்சு நிச்சயம். வயதானவர்கள், "நல்லா வளக்குறம்மா, பாக்கவே லட்சணமா இருக்கு" என்பார்கள். கோலாலம்பூரிலிருந்து தீபாவளிக்கு வரும் பிள்ளைகள், "ஆண்ட்டி, இதெல்லாம் வதை, தெரியுமா?" என்பார்கள். நடுவில், "மாசமா இருக்கா? எத்தனை குட்டி?" என்று கேட்கும் கூட்டம் ஒன்று. கேள்விக்குள்ளாவது பெரும்பாலும் கருத்தடை செய்த கடுவன்.

இந்தப் பேச்சுகளிலேயே மோசமானது முதுகுக்குப் பின்னால் வரும்: "பிள்ளைகுட்டி இல்ல, அதான் பூனைக்கு ஊட்டி ஊட்டி வளக்குது." தனியாக இருக்கும் பெண்கள்மேல்தான் இது அதிகம் விழும். ஆண் ஒருவர் குண்டுப் பூனை வைத்திருந்தால் அது தமாஷ் என்பதோடு முடிந்துவிடும்.

புகழ்கிறவரும் திட்டுகிறவரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பூனைக்குச் சோறு போடுவது அந்த ஒரு வீடு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தோட்டத்து லயமாக இருந்தாலும் தாமான் என்னும் குடியிருப்பாக இருந்தாலும், நம் ஊரில் பூனை ஒரு வரிசைக்கே சொந்தம். தமிழர் வீட்டில் அதற்குச் 'சிங்கம்' என்று பெயர், இரண்டு கதவு தள்ளி மலாய்க்காரர் வீட்டில் 'ஒயேன்', முனையிலுள்ள சீனர் காப்பிக் கடையில் 'ஃபெய் சாய்'. மூன்று பெயருக்கும் மூன்று தட்டு. தொண்டைக்குள் போவது மட்டும் ஒரே வயிற்றுக்கு.

இதைக் கலோரிக் கணக்காகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். கருத்தடை செய்து வீட்டோடு இருக்கும் 4.5 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 215 கலோரி போதும். ஒரு கரண்டி சோறு, 60 கிராம் என்று வையுங்கள், 78 கலோரி. அதோடு பொரித்த கெம்பொங் மீன் பாதித் துண்டு, 40 கிராம், எண்ணெயோடு சேர்த்து 80க்குக் குறையாது. 'கொஞ்சமாகத்தான் போட்டேன்' என்று பாட்டி சொல்லும் அந்த ஒரு தட்டே நாள் கணக்கில் முக்கால் பங்கு. மாலையில் பசியாறும் நேரத்தில் ஒரு மேசைக்கரண்டி டின் பாலைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் இன்னும் 65. இதற்கு மேல்தான் வீட்டுக்காரர் வாங்கி வைத்த பூனை பிஸ்கட்.

வேலை நேரமும் இதற்குத் துணைபோகிறது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, கிளம்புகிறவர் ஒரு பிடி போடுவார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு பிடி. செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவரின் காலைச் சுற்றிப் பூனை கத்தும், 'பாவம், யாரும் போடல போல' என்று அவரும் ஒரு பிடி. பூனைக்கு நேற்றுச் சாப்பிட்டது நினைவிருக்கும், இன்று சாப்பிட்டதை மட்டும் யாரிடமும் சொல்லாது. ஒரே வீட்டுக்குள்ளேயே இந்த ஓட்டையை அடைக்க எளிய வழி, ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு காந்தம். காலைச் சாப்பாடு போட்டவர் அதை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் தள்ளிவிட வேண்டும். அடுத்தவர் பார்த்தாலே தெரியும்.

முதலில் பூனை உண்மையிலேயே குண்டா என்று கையால் பாருங்கள். கண்ணை நம்பினால் உரோமம் ஏமாற்றும். கால்நடை மருத்துவர்கள் 1 முதல் 9 வரை ஒரு உடல்நிலை மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். 5 சரியான நிலை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் 10 முதல் 15 சதவீதம் எடை கூடுதல் என்று பொருள். வீட்டில் செய்யும் சோதனை இது: உங்கள் ஒரு கையை நீட்டி வைத்துக்கொண்டு மறு கை விரலால் புறங்கை எலும்புகளைத் தடவுங்கள். பூனையின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரியான எடை. கையை முஷ்டியாக மடக்கினால் முட்டிகள் நெருடுமே, அப்படி இருந்தால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்து எலும்பைத் தேடி அழுத்த வேண்டியிருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது. பிறகு பூனை நிற்கும்போது மேலிருந்து பாருங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்று உள்வாங்க வேண்டும். வாலின் அடியில், முதுகு முடியும் இடத்தில் இரண்டு பக்கமும் கொழுப்புத் திட்டு தட்டுப்பட்டால் அது 8, 9 என்ற கணக்கு.

பின்னங்கால்களுக்கு முன்னால் நடக்கும்போது ஆடும் தோல்பையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒல்லிப் பூனைக்கும் அது உண்டு. பிடித்தால் தோலும் சிறிது கொழுப்பும்தான் இருக்கும். இதற்கு நேர்மாறான ஒன்றுக்குத்தான் பயப்பட வேண்டும்: வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பும் தோள்பட்டையும் துருத்திக்கொண்டு இருந்தால் அது குண்டே இல்லை. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம், குட்டியாக இருந்தால் புழுவாக இருக்கலாம். அதை அன்றைக்கே கிளினிக்குக் கொண்டு போங்கள்.

தைராய்டுமேல் பழிபோடும் பழக்கம் மனிதர்களிடமிருந்து பூனைக்கு வந்தது. பூனைகளுக்கு வரும் தைராய்டுக் கோளாறு பெரும்பாலும் அதிகமாகச் சுரப்பது, அதில் பூனை மெலியும். கருத்தடைக்காகப் போடும் ஹார்மோன் ஊசி வேறு கதை. அது பசியைத் தூண்டும், எடையை ஏற்றும், தொடர்ந்து போட்டால் நீரிழிவு, கருப்பைச் சீழ், மார்புக் கட்டி என்ற ஆபத்துகளையும் கூட்டும். 'அறுவை வேண்டாம், ஊசி போதும்' என்று யாராவது சொன்னால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவை செய்தால் குண்டாகிவிடும் என்று கடுவனை அப்படியே விட்டுவைக்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. அதில் பாதி உண்மை இருக்கிறது. கருத்தடைக்குப் பிறகு உடலுக்குத் தேவையான கலோரி 20 முதல் 30 சதவீதம் குறையும், பசியோ சில நாளிலேயே கூடும். ஆகவே அறுவை செய்த வாரத்திலிருந்தே தட்டில் கால்பங்கைக் குறைத்துவிட வேண்டும். இதை ஒருவரும் சொல்லித் தராததால்தான் பழி கத்திமேல் விழுகிறது. ஒயேன் என்னும் செம்பட்டைப் பூனை இயல்பிலேயே பெரிது என்பதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. செம்பட்டைப் பூனைகளில் ஐந்தில் நான்கு கடுவன், கடுவனுக்குச் சட்டகம் பெரிது. சட்டகம் பெரிதாக இருந்தாலும் விலா எலும்பு கையில் தட்டுப்படத்தான் வேண்டும்.

இனி எடை. குளியலறைத் தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு நம் எடையைக் கழிப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. அந்தத் தராசு பெரும்பாலும் 100 கிராம் படியில்தான் காட்டும். பூனை ஒரு வாரத்தில் குறைய வேண்டியதோ 30 முதல் 60 கிராம். ஆகவே அது உதவாது. விமானப் பயணப் பெட்டியைத் தூக்கி நிறுக்கும் கொக்கித் தராசு வாங்குங்கள். 10 கிராம் படியில் காட்டுவதா என்று பார்த்து வாங்க வேண்டும், சிலவற்றில் 50தான். பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கி நிறுத்து, வெறுங்கூடையின் எடையைக் கழியுங்கள். கூடைக்குள் போட்ட துணியும் ஒவ்வொரு முறையும் அதே துணியாக இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலைச் சாப்பாட்டுக்கு முன். தினமும் நிறுத்தால் மூத்திரமும் தண்ணீரும் காட்டும் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மனசு ஒடியும். மளிகைக் கடையில் கொடுக்கும் தமிழ்க் காலண்டர் சுவரில் இருக்குமே, அதில் ராகு காலத்துக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தில் எண்ணை எழுதிவிடுங்கள். செயலி எதுவும் வேண்டாம்.

சாப்பாட்டை நிறுக்கத் தனியாக ஒரு சமையல் தராசு, 1 கிராம் படியில். முப்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும். மக்கில் அளப்பது வேண்டவே வேண்டாம். 250 மில்லி மைலோ மக் தலைதட்டி அளந்தால் ஏறக்குறைய 100 கிராம் பிஸ்கட் பிடிக்கும், கூம்பாக அள்ளினால் 120 வரை போகும். அந்த 20 கிராமே 75 கலோரி.

ஒரு நாளைக்கான கலோரி இலக்கைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. கைப்பேசிக் கால்குலேட்டர் போதும். பூனை இருக்க வேண்டிய எடையை மூன்று முறை போட்டுப் பெருக்கி, வர்க்கமூலம் பொத்தானை இரண்டு முறை அழுத்தி, 70ஆல் பெருக்குங்கள். எடுத்துக்காட்டாக 6.3 கிலோ கடுவன், மதிப்பெண் 9. அதாவது 40 சதவீதம் கூடுதல். 6.3ஐ 1.4ஆல் வகுத்தால் 4.5 கிலோ. 4.5 பெருக்கல் 4.5 பெருக்கல் 4.5, விடை 91.1. வர்க்கமூலம் 9.55, இன்னொரு முறை அழுத்தினால் 3.09. 70ஆல் பெருக்கினால் 216. எடை குறைக்க இதில் 80 சதவீதம், அதாவது 173 கலோரி. இப்போதைய எடையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அப்படிப் போட்டால் கொழுப்புக்கும் சேர்த்துச் சோறு போட்டதாகும்.

பிஸ்கட் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 380 கிலோகலோரி (நாம் கலோரி என்று சொல்வது அதுதான்) என்று போட்டிருந்தால், 173 கலோரிக்கு 45 கிராம். ஒரு உள்ளங்கையளவுதான். பார்ப்பவருக்குப் பாவமாக இருக்கும். அதனால்தான் ஈர உணவைக் கலக்கச் சொல்வது. 80 கிராம் பவுச் ஒன்று 65 கலோரி என்றால், அதோடு 28 கிராம் பிஸ்கட் சேர்த்து அதே 173ஐ எட்டலாம். தட்டு நிறைந்து தெரியும், பூனைக்குத் தண்ணீரும் உள்ளே போகும்.

பலசரக்குக் கடையிலும் செல்லப்பிராணிக் கடையிலும் பெரிய மூட்டையைப் பிரித்து, வெள்ளைப் பிளாஸ்டிக் பையில் கிலோ கணக்கில் விற்பார்கள். விலை மலிவு, ஆனால் சத்து விவரச் சீட்டு இல்லை. மூட்டையைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கலோரி போடாமல் புரதம், கொழுப்பு மட்டும் போட்டிருந்தாலும் கணக்கிடலாம். 100லிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் ஐந்தையும் கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. சாம்பல் போடவில்லை என்றால் 8 என்று வைத்துக்கொள்ளலாம். புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் மாவுச்சத்து 38. மொத்தம் 100 கிராமுக்கு 323 கலோரி. வாங்கிய பிஸ்கட்டை மூடி இறுக்கமான டின்னில் வைத்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் முடியுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கொழுப்பு சிக்கெடுக்கும், பூஞ்சையும் பிடிக்கும். சிக்கெடுத்ததைப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கும். அதை 'திமிர்' என்று நினைத்து மீன் கொடுக்க ஆரம்பிப்பார்கள்.

மீன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அவித்த மீனும் சோறும் மட்டுமே தின்னும் பூனை குண்டாகவும் இருக்கும், சத்துக் குறைவாகவும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதுதான் பலருக்கு நம்பமுடியாதது. டாரின் என்னும் சத்து பூனைக்கு உணவிலிருந்துதான் வேண்டிய அளவு கிடைக்கும். அது தண்ணீரில் கரையும், மீனை அவித்து நீரைக் கொட்டினால் அதோடு போய்விடும். டாரின் குறைந்தால் இதயத் தசை தளர்ந்து விரியும், கண்ணின் விழித்திரையும் கெடும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள இந்தத் தொடர்பு 1987இல்தான் தெரியவந்தது. அதன் பிறகு கடையில் விற்கும் பூனை உணவில் டாரினைக் கூட்டினார்கள். மீன் குழம்பு ஊற்றிய சோறு இன்னும் மோசம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். கழுவிப் போட்டாலும் குழம்பில் வெந்த மீனுக்குள் அது இறங்கியிருக்கும்.

மீன் அறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கை ஆசைக்கு ஒதுக்கலாம். 173 கலோரிக் கடுவனுக்கு அது 17. உப்பில்லாமல் அவித்த மீன் 13 கிராம், அல்லது கோழி நெஞ்சுக்கறி 10 கிராம். தீப்பெட்டியில் பாதி வரும். பால் என்றால் 27 மில்லி, ஆனால் வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். அந்தப் 17ஐயும் பிஸ்கட் கணக்கில் கழித்துவிட வேண்டும்.

இப்போது திட்டுகிறவர்களால் நடக்கும் உண்மையான கேடு. 'கொன்னுட்டு இருக்கீங்க' என்று யாராவது சொன்ன சூட்டில், சோற்றை ஒரேயடியாக நிறுத்துகிறார்கள். அல்லது புதுச் சாப்பாட்டை வைத்துவிட்டு, 'பசிச்சா தின்னும்' என்று விடுகிறார்கள். நாய்க்கு இது பலிக்கலாம், பூனைக்குப் பலிக்காது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால், உடல் முழுவதிலுமிருந்தும் கொழுப்பு ஈரலுக்கு ஓடும். ஈரல் அதைச் சமாளிக்க முடியாமல் கொழுப்பால் நிறைந்து செயலிழக்கும். வாந்தி, எச்சில் ஒழுகல், காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாவது அதன் அறிகுறிகள். மருத்துவம் பார்க்காமல் விட்டால் பூனை செத்துப்போகும். ஒல்லிப் பூனையைவிடக் குண்டுப் பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையென்றால் பழைய சாப்பாட்டையே திரும்ப வையுங்கள். 48 மணி நேரம் ஆனால் கிளினிக்குக் கிளம்புங்கள், மறுநாள் வரை பார்க்காதீர்கள்.

இன்னொரு கேடு, கிளினிக்கிலேயே நடப்பது. மேசைமேல் பூனையை வைத்ததும் நாலு பேர் முன்னிலையில் சிரிப்பும் ஏச்சும் கிடைத்தால் அந்த அம்மா அடுத்த மாதம் எடை பார்க்க வரமாட்டார். ஏற்கெனவே பஸ் பிடித்து, கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தவர். குண்டுப் பூனைக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. அதை ஆரம்பத்திலேயே பிடித்தால் இன்சுலின் ஊசியும் உணவும் சேர்ந்து சில பூனைகளை ஊசியே வேண்டாத நிலைக்குக் கொண்டுவரும். திட்டு வாங்கப் பயந்து வராமல் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு போய்விடுகிறது. தண்ணீர் நிறையக் குடித்து, மூத்திரம் நிறையப் பெய்து, நன்றாகத் தின்றும் திடீரென்று மெலிந்தால் மகிழ்ச்சி வேண்டாம். அது நீரிழிவாக இருக்கலாம்.

குறைக்கும் முறை இது. முதல் இரண்டு வாரம் எதையும் குறைக்காதீர்கள். இப்போது என்ன போகிறது என்று நிறுத்து எழுதுங்கள், அவ்வளவுதான். பிறகு வாரத்துக்குப் பத்து சதவீதமாகக் குறைத்து இலக்குக்கு வாருங்கள். பிஸ்கட்டை மாற்றுவதானால் ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் கால்பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் குறைந்தால் நல்ல வேகம். 6.3 கிலோவுக்கு அது 30 முதல் 60 கிராம். இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டைக் கூட்டுங்கள். 1.8 கிலோ குறைய ஏழெட்டு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். நாலு வாரம் எடை அசையவில்லை என்றால் தட்டில் கை வைக்காதீர்கள், முதலில் பக்கத்து வீடுகளை விசாரியுங்கள். அங்கே ஓட்டை இல்லை என்றான பிறகு ஐந்து சதவீதம் குறையுங்கள். சாதாரணப் பிஸ்கட்டை இதற்கு மேலும் வெட்டிக்கொண்டே போனால் கலோரியோடு புரதமும் வைட்டமினும் குறையும், தசை கரையும். எடைக் குறைப்புக்கென்றே கிளினிக்கில் விற்கும் உணவில் கலோரி குறைவு, மற்றச் சத்து குறைவதில்லை. விலை கூடுதல்தான், ஆனால் மதிப்பெண் 8, 9 என்றால் அதுதான் சரி.

பக்கத்து வீடுகளை எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். 'இனிமே போடாதீங்க' என்றால் மனத்தாங்கல்தான் மிஞ்சும், பாட்டி பின்பக்கமாகக் கூப்பிட்டுப் போடுவார். சோற்றுக்குக் கஷ்டப்பட்ட காலத்தைப் பார்த்தவர்கள், வாசலில் கத்தும் வாயை வெறுமனே அனுப்ப மாட்டார்கள். ஆகவே போடும் உரிமையை எடுக்காமல் போடும் பொருளை மாற்றுங்கள். காலையில் நாள் முழுக்கத் தேவையான 45 கிராமை நிறுத்துவிட்டு, அதிலிருந்து எட்டு கிராமை ஒரு சின்ன ஹார்லிக்ஸ் போத்தலில் போட்டுப் பாட்டியிடம் கொடுங்கள்.

"பாட்டி, மத்தியானம் நீங்கதான் போடணும். சோறு வேணாம், இத மட்டும்."

"இவ்ளோதானா? பாவம்லா அது."

"டாக்டர் கணக்கு பாட்டி. காலியானா போத்தல திருப்பிக் குடுங்க, நாளைக்கு ரொப்பித் தரேன்."

போத்தல் காலியாகத் திரும்பி வருவது உங்களுக்கும் ஒரு கணக்கு. மலாய்க்காரர் வீட்டுக்கும் காப்பிக் கடைக்கும் இன்னொரு போத்தல். அதற்கு மேலும் தெரியாத வீடுகள் இருக்கும். அதற்குக் கழுத்துப்பட்டையில் ஒரு சீட்டு, தமிழிலும் மலாயிலும்: 'டாக்டர் உணவு. சோறு போடாதீர்கள்.' மழையில் கரையாமல் மேலே செலோடேப் ஒட்டுங்கள். பட்டையில் இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கொக்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலியில் மாட்டித் தூக்குப்போட்டுக்கொள்ளும். இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தளர்வு. மெலிய மெலியப் பட்டையையும் சுருக்க வேண்டும், மறந்தால் முன்னங்கால் உள்ளே புகுந்து அக்குளை அறுக்கும்.

வீட்டில் இரண்டு பூனை இருந்து ஒன்று மட்டும் குண்டு என்றால் நாள் முழுக்கத் தட்டு கிடக்கும் வழக்கத்தை விடத்தான் வேண்டும். வேளைக்கு வைத்து, இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். எறும்பும் கரப்பானும் வராது என்பது கூடுதல் லாபம். ஒல்லிப் பூனைக்குத் தனியாக வேண்டுமென்றால் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அதன் உடம்பு மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி உள்ளே வையுங்கள். விளிம்பைத் தீயில் காட்டி மழுக்குங்கள்.

'வெளிய விட்டா எலி புடிச்சு இளைக்கும்' என்ற யோசனையைத் தோட்டப்புறத்தில் கேட்கக் கூடாது. செம்பனைக்கு எலிதான் பெரிய எதிரி. சில தோட்டங்களில் ஆந்தைக்குக் கூடு கட்டிக் கொடுத்து எலியைக் குறைக்கிறார்கள், பல இடங்களில் மரத்தடியில் மெழுகுக் கட்டி மருந்து வைக்கிறார்கள். அது இரத்தத்தை உறையவிடாத விஷம். தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். குண்டுப் பூனைக்குக்கூட அகப்படுவது அந்த எலிதான். விஷத்தின் வேலையும் பூனையில் சில நாள் கழித்தே தெரியும்: ஈறு வெளிறுதல், மூக்கிலோ மலத்திலோ இரத்தம், மூச்சிரைப்பு, சோர்வு. வைட்டமின் கே1 அதற்கு மாற்று மருந்து. எந்த மருந்து வைத்திருக்கிறார்கள் என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் கேட்டுப் பெயரைக் கிளினிக்கில் சொன்னால் எத்தனை வாரம் மருந்து தரவேண்டும் என்று முடிவு செய்ய உதவும்.

ஓட்டத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். பகல் வெயிலில் வேண்டாம், குண்டுப் பூனைக்குச் சூடு தாங்காது. வாய் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிறுத்துங்கள், பூனைக்கு அது இயல்பல்ல. விடியலிலும் இரவு எட்டு மணிக்கு மேலும் ஐந்து ஐந்து நிமிடம் போதும். நாள் பங்கிலிருந்தே பிஸ்கட்டை ஒவ்வொன்றாக நடையில் உருட்டிவிடுங்கள், ஓடிப் பிடிக்கட்டும். முப்பது முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வைத்தால் காலால் நோண்டி நோண்டித் தின்னப் பத்து நிமிடமாவது ஆகும். முட்டை ஓட்டுத் துணுக்கும் கோழி எச்சமும் ஒட்டிய அட்டையை எடுக்காதீர்கள்.

குண்டாக இருக்கும் காலம்வரை கவனிக்க வேண்டிய ஓர் அசிங்கமான இடம், வாலின் அடி. எட்டி நக்க முடியாததால் உரோமம் சிக்குப் பிடித்து மலம் ஒட்டும். நம் வெயிலுக்கு ஈ அங்கே முட்டையிட்டால் அடுத்தடுத்த நாட்களில் புழு நெளியும். தினமும் ஈரத் துணியால் துடையுங்கள். அடர்ந்த உரோமம் என்றால் கிளினிக்கில் வழித்துவிடச் சொல்லுங்கள், கத்தரிக்கோலை வீட்டில் எடுத்தால் தோலும் சேர்ந்து வெட்டுப்படும். மணல் தட்டின் ஒரு பக்க விளிம்பைத் தாழ்த்தி வெட்டினால் மூட்டு வலிக்காமல் ஏறும். கடுவன் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தும் மூத்திரம் வரவில்லையென்றால் எடையை மறந்துவிட்டு உடனே ஓடுங்கள். ஒரு நாள் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

தெருவில் கேட்கிறவருக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் எண்ணைச் சொல்லுங்கள். "தைப்பூசத்துக்கு 6.3, இப்ப 5.8." நம் ஆட்களுக்கு எண் என்றால் பிடிக்கும். அடுத்த வாரம் அவர்களே உங்களை வழியில் நிறுத்தி, "இப்ப எவ்ளோ?" என்று கேட்பார்கள். வம்பு பேசிய வாய் பந்தயம் கட்ட ஆரம்பித்துவிடும்.

இலக்கை எட்டியதும் பழைய தட்டுக்குத் திரும்பக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் கூட்டி, எடை நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். நம் 4.5 கிலோக் கடுவனுக்கு அது 216 கலோரிக்குப் பக்கத்தில், 57 கிராம் பிஸ்கட்டாக இருக்கும். அதன் பிறகு மாதம் ஒருமுறை நிறுத்தால் போதும். புரட்டாசியில் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக்குங்கள். வீட்டில் மீன் மணம் இல்லாத மாதத்தில் பூனை புது வீடு பார்க்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் நாளுக்கு ஒரு பொட்டலமாக நிறுத்துக் கட்டி, மேலே கிழமை எழுதிப் பாட்டியிடம் கொடுங்கள். மூட்டையோடு கொடுக்காதீர்கள்.